திருப்பி வைக்காத துண்டு

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் டாக்டரம்மாவுக்கு ஊரார் வாயெல்லாம் அத்துப்படி. முகம் தெரியாது, ஈறு எப்போது வீங்கியது, எவ்வளவு பழசு என்பது மட்டும் தெரியும். கருநீலப் பொட்டுகளாக வெள்ளணுக்கள் மொய்த்திருந்தால் அழற்சி. ஆனால் அவை எதைச் சுற்றி மொய்க்கின்றன என்று அடிவரை பார்க்காமல் எழுதமாட்டாள். சதைத் துண்டை மெழுகில் நிமிர்த்தி வைக்காமல் படுக்கப் போட்டு வெட்டினால் மேல்தோல் மட்டும்தான் சீவி வரும். "திருப்பி வச்சு வெட்டுங்க" என்று லேபையே ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் சொந்தத் தம்பி விஷயத்தில் கோட்டை விட்டாள்.

தம்பி காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவன். தூக்கத்தில்கூட வாய் ஓயாது. நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது, கூரான பல் குத்தியிருக்கும் என்று இவளே முடிவு கட்டிவிட்டாள். புண்ணிலிருந்து சின்னத் துண்டு எடுத்து அவளுக்கே அனுப்பினார்கள். அது படுக்கையாகத்தான் வெட்டப்பட்டிருந்தது. வேறு யாருடையதாவது என்றால் லேப் அன்று ரெண்டுபட்டிருக்கும். இவளோ வெள்ளணுக்களைக் கண்டதும் நிம்மதியாகிவிட்டாள். மனசு அதைத்தானே தேடியது!

"வெறும் அழற்சிடா. பல்லை ராவிக்கோ, போதும்."

"வயித்துல பாலை வார்த்தேக்கா!"

பல்லை ராவியும் புண் ஆறவில்லை. அக்கா சொல்லிவிட்டாளே என்று அவனும் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் அவள் அந்தத் துண்டின் மிச்சம் பதிந்திருந்த பழைய மெழுகுக்கட்டியை உருக்கி, அதை நிமிர்த்தி வைத்து வெட்டச் சொன்னாள். வெள்ளணுக் கூட்டத்துக்குக் கீழே புற்று வேர் விட்டிருந்தது. அன்றைக்கே இருந்திருக்கிறது.

தம்பியைத் தன் அறைக்கு வரவழைத்து, ஒளிக்காமல் சொன்னாள்.

"நாக்கு போயிடுமா?"

"பாதிக்கு மேல போகும். கழுத்துலயும் வெட்டணும். அப்புறமும் உறுதியா எதுவும் சொல்ல முடியாதுடா."

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"ஓரத்துல கொஞ்சம்தான் போயிருக்கும்."

தம்பி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மாகிட்ட நீ தப்பா பாத்தேன்னு சொல்லிடாதேக்கா. நான்தான் உன்கிட்ட காட்டாம அசட்டையா இருந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். பேச்சு இருக்கும்போதே சொல்லிடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.