பற்றிக்கின் வெள்ளிக்கிழமைகள்

பற்றிக்குக்குப் பந்தடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருடைய செத்தவீட்டில் அவரைப் பெரிய விளையாட்டு வீரராக்கி இரண்டு பேர் அளந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் செய்த காரியம் வேறு. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திய கனகசுந்தரம்.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிப்பது பற்றிக்கின் வேலை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான், வேலையும் போனது. பிறகு சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் நின்றார். அப்பன்மாருக்குப் பின்னால் தளத்துக்குள் நுழையலாம் என்றிருந்த பொடியன்களுக்குத்தான் ஒரு வழியுமில்லை. பின்னேரம் பந்து, பந்து முடிய அடிதடி. எங்கள் டவுன் கடற்கரைப் பொடியன்களும் கிண்ணியாப் பொடியன்களும் வருடத்துக்கொருமுறை மோதும் ஆட்டத்துக்குச் சைக்கிள் செயினை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

'பந்துக் கமிட்டி' அதற்காகத்தான். டவுனில் பற்றிக்கும் நானும், கிண்ணியாவில் விறகுகாலை போட்டு விறகு விற்ற அபூதாஹிரும், இன்னும் இரண்டொருவரும். யாரும் எங்களைத் தெரிவுசெய்யவில்லை. எவன் எவனோடு கொளுவியிருக்கிறான் என்று விசாரித்து, அவனைத் தேடிப்போவோம். நான் புத்தி சொல்வேன், ஒருவனும் கேட்கமாட்டான். பற்றிக் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் கோபம் ஆறி எழும்பும்வரை இருப்பார். இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் பகிடி பண்ணுவேன்.

அறுபத்தொன்றில் என் பகிடி நின்றது. ஆட்டம் முடிந்து வந்த கைகலப்பில் ஒருவன் எறிந்த அரைச் செங்கல், கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி லாபிரின் இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணின் பார்வை போய்விட்டது. எறிந்தவன் கிறிஸ்தோபர், பற்றிக்கின் ஒரே மகன், வயது இருபது.

லாபிர் பொலிசில் பெயர் சொல்லவில்லை. நல்ல மனம் என்று நினைத்தேன். அபூதாஹிர்தான் என் கண்ணைத் திறந்தார்.

"பொலிசுக்குக் குடுத்தா மறியல்ல போடுறதோட முடிஞ்சிரும் எண்டு அவன்ட கூட்டாளிமார் சொல்றாங்க. அடுத்த ஆட்டத்துக்குக் கிறிஸ்தோபர் வரட்டாம். அவன்ட கண்ணையும் எடுக்கணுமாம்."

மகனைக் கொழும்புக்கு அனுப்பிவிடச் சொன்னேன். பற்றிக் கேட்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். லாபிர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கமிட்டியில் ஒரு யோசனை சொன்னார்.

"அடுத்த ஆட்டத்துக்கு முந்தி எங்கட பொடியங்கள் கிண்ணியாவில வீட்டுக்கு வீடு போய்ச் சாப்பிடட்டும். என்ட மகன் லாபிர் வீட்டில."

"உமக்கென்ன விசரா?" என்றேன்.

"சோறு திண்ட வீட்டில அடிக்கக் கை வராது, கனகர். சோறு போட்ட மனிசி அடிக்க விடவும் மாட்டா."

லாபிரின் தாய் ஆமினா உம்மா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள், "வரட்டும்" என்று சொல்லியனுப்பினார்.

அடுத்த வருட ஆட்டத்துக்கும் விருந்துக்கும் நாள் குறித்தது நான். ரமழான் நோன்பு முடியட்டும், பெருநாளும் போகட்டும் என்று காத்திருந்து, ஜும்மாத் தொழுகை முடிய எல்லோரும் வீட்டிலிருக்கும் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது தவக்காலத்து வெள்ளி, வேதக்காரர் அன்றைக்கு இறைச்சி தொடமாட்டார்கள் என்பது சைவ சமயக்காரனான என் மண்டையில் ஏறவில்லை. பற்றிக்குக்குத் தெரியும். விருந்துக்குப் போகிறவன் கறி இன்னதென்று சொல்லியனுப்புவதா என்று வாயை மூடிக்கொண்டார். கிண்ணியாவில் மீனுக்கா பஞ்சம் என்பது அவருடைய எண்ணம்.

அன்று குறிஞ்சாக்கேணி வீட்டில் பாய் விரித்திருந்தது. கிறிஸ்தோபர் போய் லாபிரின் இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் இருந்தால் லாபிர் பார்க்கமாட்டான் அல்லவா. கோழை என்று மனதுக்குள் திட்டினேன். லாபிரின் கூட்டாளிமார் நாலு பேர் சாப்பிட வராமல் வாசலில் நின்றார்கள்.

சஹன் வந்தது. எல்லோரும் சுற்றியிருந்து கையிட்டு உண்ணும் பெரிய தட்டம் அது. நெய்ச்சோறு, அதன்மேல் ஆட்டிறைச்சி. இந்த விருந்துக்கென்று வீட்டில் நின்ற கிடாயை அறுப்பித்திருந்தார்கள். கிறிஸ்தோபர் கையை நீட்டினான்; இறைச்சியைக் கண்டு இழுத்துக்கொண்டான்.

"என்ன, எங்கட சோறு அருவருப்பா?" என்றபடி லாபிர் எழுந்தான்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவனுடைய கை இடுப்புக்குப் போனது.

பற்றிக் தட்டத்தில் கைவைத்தார். பெரிய துண்டு இறைச்சியை எடுத்து வாயில் போட்டு மென்றார். தவக்காலம் முழுக்கக் கோயிலில் முழந்தாளில் நிற்கிற மனிதர். இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

"அப்பா, வேணாம்!" கிறிஸ்தோபர் அழுதுவிட்டான். "இண்டைக்கு எங்களுக்கு இறைச்சி தின்னப்படாது. தவக்கால நோன்பு. வேற ஒண்டுமில்லை!"

திரைக்குப் பின்னாலிருந்த ஆமினா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டபடி வெளியே வந்தார். கூட்டாளிமாரை ஒரு பார்வை பார்த்தார். இடுப்புக்குப் போன கை கீழே வந்தது. பிறகு பற்றிக் பக்கம் திரும்பினார்.

"நோன்பெண்டா ஒரு வார்த்தை சொல்லப்படாதா, அண்ணன்? என்ட வீட்டில வெச்சு நோன்ப முறிச்சிட்டீங்களே!"

"பிழை என்னிலதான்."

"ஓம், பிழைதான்."

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுப் பெண்களுக்கென்று ஆக்கியிருந்த வெறுஞ்சோறும் சாளை மீன் ஆணமும் வந்தன.

"உங்கட மகன் என்ட புள்ளைட கண்ணை எடுத்தவன். அவனுக்குச் சோறு போட ஏலாது எண்டு மூணு நாள் அழுதனான். இப்ப போடுறன். எல்லாரும் இருந்து தின்னுங்க."

லாபிர் நின்றான். தாயின் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

சாளையில் முள் அதிகம். ஒற்றைக் கண்ணோடு லாபிர் தடுமாறினான். இரண்டு தரம் வாயிலிருந்து முள்ளை இழுத்தெடுத்தான். கிறிஸ்தோபர் தலை நிமிராமல் ஒரு மீனை எடுத்தான். முள்ளைக் களைந்து, சதையை லாபிரின் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு இன்னொன்று. லாபிரின் விரல்கள் அதைத் தொட்டு நின்றன. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துச் சாப்பிட்டான். கூட்டாளிமாரும் ஒவ்வொருவராய் வந்து குந்தினார்கள்.

அன்று பின்னேர ஆட்டத்தில் நாலுக்கு ஒன்றாகத் தோற்றோம். ஒரு செயினும் வெளியே வரவில்லை.

திரும்பும்போது, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கு என்ன சொல்லப்போகிறீர் என்று பற்றிக்கைக் கேட்டேன். அடுத்த கிழமை அவரே வந்து சொன்னார்: "எல்லாத்தையும் சொன்னனான். என்ன இறைச்சி எண்டு கேட்டவர்."

அதன்பிறகு பதினெட்டு வருடம், வெள்ளிக்கிழமைகளில் பற்றிக் குறிஞ்சாக்கேணிக்குப் போய்வந்தார். அங்கே கோபித்துக்கொண்டு இருப்பவன் எவனுக்காவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அடிதடி அடியோடு நின்றது என்றால் அது பொய். பலது நடக்காமல் போனது எனக்குத் தெரியும்.

எண்பதில் ஒரு வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் பண்ணினோம். கிறிஸ்தோபர் முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. தாய் இன்பமலர் கெஞ்சினார். நானும் நீட்டி முழக்கிப் புத்தி சொன்னேன். வழக்கம்போல அவன் கேட்கவில்லை.

பொழுதுபடக் கிண்ணியாவிலிருந்து சாப்பாடு வந்தது. வெள்ளிக்கிழமை என்று ஆமினா உம்மா மீன்தான் ஆக்கி அனுப்பியிருந்தார். கொண்டுவந்த லாபிர் ஒருவரோடும் கதைக்கவில்லை. தட்டத்தோடு போய்க் கிறிஸ்தோபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நெடுநேரம் சும்மா இருந்தான். பிறகு ஒரு சாளையை எடுத்து, அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மெல்ல மெல்ல முள் களைந்து கிறிஸ்தோபரின் பக்கம் வைத்தான்.

"தின்னு," என்றான்.

கிறிஸ்தோபர் கையை நீட்டினான்.