வெர்னா காத்திருந்த பதிலடி

கணவன் கர்டிஸ் பெய்ரூட்டில் செத்தபோது வெர்னா ஹாலவெலுக்கு இருபத்தாறு வயது. 1983 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. குண்டு ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்க மரைன் படைவீரர்கள் படுத்திருந்த கட்டடத்துக்குள் பாய்ந்து, உறங்கியவர்களை உறக்கத்திலேயே கொண்டுபோனது. வட கரோலினாவின் ஜாக்சன்வில் படைமுகாமை நம்பிப் பிழைக்கும் ஊர். அந்த வாரம் தெருவுக்குத் தெரு இழவு விழுந்தது.

வெர்னா முகாம் வாசலுக்கு எதிரே கொரியாக்காரி பாக் நடத்திய தையல் கடையில் வேலை பார்த்தாள். சீருடையில் பெயர்ப்பட்டை தைப்பது, கால்சட்டை மடிப்பது, பதவி உயர்ந்தவனுக்குப் புதுப் பட்டி வைப்பது. துக்கம் முடிந்து திரும்பியவள் தையல் இயந்திரத்தைவிடக் கடைத் தொலைக்காட்சியைத்தான் அதிகம் பார்த்தாள். செய்தவர்களைச் சும்மா விடமாட்டோம் என்று அதிபர் ரீகன் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பனிக்காலம் பாதி போனது. பிப்ரவரியில், மிச்சமிருந்த வீரர்களைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து அதே ரீகன் லிபியாமேல் விமானம் அனுப்பிக் குண்டு போட்டார். வெர்னா ஊசியைக் கீழே வைத்தாள்.

"இது கர்டிஸுக்காகவா, பாக்?"

"அது வேற ஊருடி, வேற சண்டை. நீ மடிப்பைப் பாரு."

கிளின்டன் காலத்தில் ஆப்பிரிக்காவில் இரண்டு தூதரகங்களில் குண்டு வெடித்தது. பதிலுக்குக் கடலிலிருந்து ஏவுகணைகள் பறந்தன. பாக் வெறிச்சோடிய கடையைச் சுற்றிக் கையைக் காட்டினாள்.

"பாத்தியா? கப்பல்ல உக்காந்து பொத்தானை அமுக்கிட்டானுங்க. தைக்க ஒரு சட்டைகூட வரலை. இதெல்லாம் ஒரு சண்டையா?"

வெர்னா சிரிக்கவில்லை. ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருந்தான், இன்னொருவன் தூரத்திலிருந்து எறிந்தான் என்று மனத்துக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமணம் செய்துகொள்ளச் சொன்ன அக்காவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இரவுச் சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்ளும் பழக்கமும் வந்திருந்தது.

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு கடையில் கூட்டம் தாங்கவில்லை. புஷ் ஒரு நாட்டுக்குப் படை அனுப்பினார், பிறகு இன்னொரு நாட்டுக்கும். பச்சைச் சீருடை போய் மணல் நிறம் வந்தது. வெர்னா ஞாயிற்றுக்கிழமையும் தைத்தாள். கடைசியில் ஒருவன் திருப்பி அடித்துவிட்டான் என்று அவள் முதுகு நிமிர்ந்ததைப் பாக் கவனித்தாள்.

அடுத்த தெருவில் டீலியா என்ற ஒஹையோ பெண் குடியிருந்தாள். அவள் கணவன் நீல் அந்த இரண்டாவது போரில், ஃபல்லூஜா என்ற ஊரில் இறந்தான். வெர்னா கோழியும் நூடுல்ஸும் வேகவைத்து, பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினாள். முன்பு தனக்கு ஊரார் செய்தது அது.

டீலியா பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"ஒண்ணு கேக்கட்டுமா, மிஸ் வெர்னா? உங்க வீட்டுக்காரருக்காக யாரும் திருப்பி அடிக்கலையாமே. அது ஆறாம கெடக்குமா?"

"இருபது வருஷமா ஆறலைம்மா. அன்னிக்கு ரீகன் ஒரு அடி அடிச்சிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

"இப்ப அடிச்சாங்களே. அந்த அடியிலதானே என் நீல் போனான். நீங்க கேட்டது எனக்குக் கெடச்சிருக்கு, மிஸ் வெர்னா. எடுத்துக்கிறீங்களா?"

வெர்னாவுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. இருட்டியதும் டீலியாதான் கோழியைச் சூடாக்கி இரண்டு தட்டில் போட்டாள். வெர்னா உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன்பின் வியாழன்தோறும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதிபர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. நீல் குறட்டை விட்டதையும் கர்டிஸ் சீட்டாட்டத்தில் ஏமாற்றியதையும் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் டீலியா சொந்த ஊருக்கே திரும்பிப் போனாள், பள்ளித் தோழனை மணந்தாள். வெர்னா மறுபடி அடுப்படியில் நின்று சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒபாமா காலத்தில் பின்லேடனைக் கொன்ற செய்தி வந்த காலையில் தெருவில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போயின. வெர்னா டீலியாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன், மிஸ் வெர்னா. பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கிளப்பிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசட்டுமா?"

"சரிம்மா, சரி."

டீலியா அப்புறம் அழைக்கவில்லை. வெர்னாவுக்கு அவள்மேல் கோபமும் வரவில்லை. ட்ரம்ப் காலத்தில் ஆளில்லா விமானம் ஈரானியத் தளபதி ஒருவரைக் கொன்றது. பெய்ரூட் குண்டுக்குப் பின்னால் ஈரான் இருந்தது என்பதே ஊர்ப்பேச்சு. முன்பானால் துள்ளிக் குதித்திருப்பாள். அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் துணி துவைத்தாள். பாக் இறந்து, கடையும் அதற்குள் கைமாறியிருந்தது.

பைடன் காபூலிலிருந்து படையைத் திரும்ப அழைத்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஊர் நூலகத்தில் ஒரு பேச்சு நடந்தது. ரீகன் முதல் பைடன் வரை பயங்கரவாதத்தை யார் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது தலைப்பு. வெர்னா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேராசிரியர் நன்றாகவே பேசினார். பின்வாங்கியவர், ஏவுகணை விட்டவர், படையெடுத்தவர், ஆளில்லா விமானம் அனுப்பியவர் என ஒவ்வொருவரின் லாப நட்டத்தையும் நிதானமாக எடுத்து வைத்தார். முடிவில், எவர் செய்தது சரி என்று கை தூக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் சில கைகள் எழுந்தன.

பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த வயதான மனிதர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க யாருக்குமே கை தூக்கலியே, மேடம்?"

"என் வீட்டுக்காரர் பெய்ரூட்ல போயிட்டார். எதுக்குத் தூக்கினாலும் அவர் வரப்போறதில்லை."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நானும் அங்க இருந்தேன். இடிபாட்டுலேர்ந்து தோண்டி எடுத்தவங்கள்ல ஒருத்தன். பேரு ஹார்லன். எதிர்க் கடையில காப்பி நல்லா இருக்கும், வர்றீங்களா?"

"இல்லைங்க, வீட்டுல வேலை இருக்கு" என்று வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் ஒரு வேலையும் இல்லை. டப்பா சூப்பைச் சூடாக்கி அடுப்படியில் நின்றவள் பாதியிலேயே கரண்டியை வைத்துவிட்டாள். தோண்டியவன் கர்டிஸைப் பார்த்திருப்பானோ? கேட்காமல் வந்துவிட்டோமே.

அடுத்த வாரம் நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். அன்று தோட்டக்கலை பற்றிய பேச்சு. ஹார்லன் வரவில்லை. நூலக மேசையில் இருந்த பெண்ணுக்கும் அவரைத் தெரியவில்லை. வெர்னா எதிர்க் கடைக்குப் போய்க் காப்பி வாங்கி, நூலக வாசல் தெரியும் மேசையில் உட்கார்ந்தாள். காப்பி நன்றாகத்தான் இருந்தது.