போகியில் எரிந்த சட்டை

திருப்பாதிரிப்புலியூரில் தையல் வேலை செய்யும் மகேஸ்வரிக்கு நாய் என்றாலே நடுக்கம். துபாய்க்குப் போன தம்பி, தன் கடிநாய் டைகரை அவளிடம் விட்டபோது ஒரு அழுக்குச் சட்டையையும் தந்திருந்தான்.

"தொவச்சிடாதக்கா. என் வாசன இருந்தாத்தான் அடங்குவான்."

போகியன்று பழந்துணிகளோடு, கவனிக்காமல், அந்தச் சட்டையையும் தெருவில் போட்டு எரித்துவிட்டாள்.

மறுநாள் காலை டைகர் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. வாசலில் மகள் கயல்விழி குனிந்து பொங்கல் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கயலு, ஓடாதடி! அசையாம இரு!"

மகேஸ்வரி கத்திக்கொண்டே ஓடி வந்தாள். நாய் கோலத்தை மிதித்து, மகளைத் தாண்டிப் போய், போகிச் சாம்பலில் முகம் புதைத்து ஊளையிட்டது.

மகளை இறுக அணைத்தபடி, நடுக்கம் தீராமலே மகேஸ்வரி அழுதாள்.

"தெரியாம எரிச்சிட்டேன்டா, டைகரு."