பயணம் சொன்னவர் வாங்கிய டீசல் வண்டி

பக்கத்து வீட்டு செந்தில் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிற பிள்ளை. இத்தனை நாள் வாடகை வண்டியில் ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது சொந்தமாக ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறான். பேசாமல் எடுத்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம், "பாய் மாமா, டீசல் பிக்கப் எடுக்கலாமா, பேட்டரி வண்டி எடுக்கலாமா? நல்லது கெட்டது சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான். நான் இரண்டு தடவை டீ போட்டேன். மூன்றாவது தடவைக்குப் பால் இல்லை. அவர் அப்போதுதான் டீசல் எஞ்சினின் இழுவையைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

"மைலேஜ் குடுக்கும்டா. லோடு ஜாஸ்தி ஏத்துனாலும் முனகாது. ஒழுங்கா ஆயில் மாத்துனா உன் புள்ள காலத்துக்கும் ஓடும்."

"சரி மாமா, கெட்டது?"

"கெட்டதா?" என்று விட்டத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படியில் நின்றிருந்த எனக்கு ஒரு மூட்டை கிடைத்தது. செந்திலிடம் சொல்லி அவர் மனதை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்வதில் தப்பில்லை.

முதல் கெட்டது அந்த வாடை. பெட்ரோல் வாடை வந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். டீசல், கல்யாணத்துக்கு வந்து கல்யாணம் முடிந்தும் ஊருக்குப் போகாத சொந்தக்காரரைப் போல. கைலியில் இருக்கும், தலையணையில் இருக்கும், அவர் தூக்கி முத்தம் கொடுத்தால் பிள்ளையின் கன்னத்திலும் இருக்கும். எத்தனை சோப்புத்தூள் போட்டு அலசினாலும் சட்டை காய்ந்த பிறகு மெல்ல எட்டிப் பார்க்கும். நான் சிதம்பரத்துப் பெண். கடலூர் முதுநகருக்கு வாக்கப்பட்டு வந்து மீன் வாடைக்குப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று. அதற்கு மேல் இதுவும்.

ஆனால் டீசல் வண்டி வருவதற்கு முன்னால் அவரிடம் எனக்குத் தெரிந்த வாசனை வேறு. ஷார்ஜாவில் டிரைவராக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டியைத் திறந்தால் சென்ட்டும் சோப்பும் புதுக் கம்பளியும் கலந்து ஒரு வாசனை வீட்டை நிறைக்கும். லீவு முடிந்து அவர் போய்விடுவார். அந்தச் சோப்புகளைப் பிரிக்காமல் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருப்பேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் புருஷன் ஊரில் இருப்பார்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவதை சபர் என்பார்கள். சபர் போகிறவர் சும்மா விமானம் ஏறிவிட முடியாது. கிளம்புவதற்கு முன்னால் சொந்தக்காரர், தெருக்காரர் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். "போயிட்டு வாரேன், துவா செய்ங்க" என்பார். விடுபட்ட வீட்டார் அடுத்த லீவு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். பயணம் சொல்லப் போனவர் வெறுங்கையோடு திரும்பவும் மாட்டார். அங்கே இருக்கிற பிள்ளைக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். முறுக்கு, இட்லிப்பொடி, இறால் பொடி, சர்க்கரை மாத்திரை, ஊறுகாய். கடைசி வாரத்தில் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

அந்த வருஷமும் அப்படித்தான் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. மகளுக்கு அப்போது மூன்று வயது. பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவள் என்னிடம், "வந்திருக்குற மாமா எப்பம்மா ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டாள். அவர் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அப்புறமும் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பயணம் சொல்லக் கடைசியாக மிச்சமிருந்தது சிதம்பரத்தில் என்னைப் பெற்ற அத்தா வீடு. காலையில் பஸ்சில் போனார். சாயங்காலம் வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால் நீலக் கலரில் ஒரு பிக்கப் வண்டி. ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இவர் இறங்குகிறார்.

"யாரு வண்டி மச்சான்?"

"நம்ம வண்டிதான்."

காட்டுமன்னார்கோயில் அரிசி மில்காரர் ஒருவர் எங்கள் அத்தாவுக்குப் பழக்கம். அவர் லாரி வாங்கிவிட்டதால் பழைய பிக்கப்பைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். பயணம் சொல்லப் போன இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. மனுஷன் பயணத்தை மறந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மாடி கட்ட வச்சிருந்த பணம்?"

"அதான் இது. மாடி நின்ன எடத்துலயே நிக்கும். இது நாலு எடம் போவும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "விசா இன்னும் கொஞ்ச மாசம் உசுரோட இருக்கும். அதுவரைக்கும் ஓட்டிப் பாக்குறேன். தொழில் நின்னா இங்கயே இருந்துடுறேன். இல்லன்னா கெளம்பிடுறேன்."

என் வாழ்க்கை ஒரு பழைய டீசல் எஞ்சின் கையில் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

வண்டியின் முதல் லோடு என்ன தெரியுமா? அந்தப் பொட்டலங்கள். வாங்கின வீடுகளுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. வீடு வீடாக வண்டியை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினார். ஜமீலா மாமி மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் வருகிறது என்று மகனுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டதாம்.

"நீ போவாட்டி பரவால்லப்பா. என் ஊறுகா போவணுமே!"

சபர் கிளம்புகிற வேறு ஆளைத் தேடி அந்த ஜாடியை ஒப்படைக்க, வண்டி மறுபடியும் சிதம்பரம் வரை போய் வந்தது. டீசல் செலவுக்கு அதே ஊறுகாய் பத்து ஜாடி வாங்கியிருக்கலாம்.

தெருவில் அதற்கப்புறம் அந்த வண்டிக்குப் பெயரே 'பயணம்' என்றாகிவிட்டது. டீக்கடைக்குக் கிளம்பினால்கூட, "என்னா பாய், எல்லார்ட்டயும் பயணம் சொல்லிட்டீங்களா?" என்பார்கள். மழைக்காலத்துக் காலை என்றால் டீசல் வண்டி லேசில் கண் திறக்காது. சாவியை லேசாகத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்திருந்து, பிறகு முழுசாகத் திருப்ப வேண்டும். எங்கள் வண்டியில் விளக்கு அணையும், எஞ்சின் மட்டும் எழுந்திருக்காது. "பயணம் நின்னுபோச்சுப்பா, தள்ள வாங்க!" என்று ஒரு குரல் எழும். தெருவே சிரித்துக்கொண்டு வந்து தள்ளும். கேலி செய்தவர்கள்தான் நன்றாகத் தள்ளினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கெட்டது, பிக்கப் வாங்கினால் சொந்தம் பெருகும். யார் வீடு மாறினாலும், யார் பெண்ணுக்குப் பீரோ வாங்கினாலும், "மச்சான், வண்டி சும்மாதானே நிக்கிது?" என்று வருவார்கள். மாமியாருக்கு முன் சீட் நிரந்தரம். அவர் சன்னலோரம் உட்கார, நான் நடுவில், எஞ்சின் சூடு மொத்தமும் என் காலுக்கு. சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் பாதி வெந்திருப்பேன்.

நல்லதும் இருந்தது. முகூர்த்த நாளென்றால் திருவந்திபுரத்தில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். கட்டில், மெத்தை, பாத்திரம் என்று சீர்வரிசை ஏற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். பாய் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பெயர். ஒரே சங்கடம், காலையில் அதே வண்டி துறைமுகத்துக்கு மீன் ஐஸ் ஏற்றியிருக்கும். பினாயில் போட்டு நானும் அவரும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். அப்படியும் ஒரு பெண்ணின் அம்மா வீடு தேடி வந்து, "பாய், கட்டில்ல ஏன் வஞ்சிர வாடை அடிக்குது?" என்று கேட்டார். "நல்ல ஜாதி மீனத்தான் ஏத்துவேம்மா" என்று இவர் சொன்ன பதிலுக்கு அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பொய் சொன்னேன். வண்டியைப் பற்றி அவர் முகம் சுருங்கும்போதெல்லாம், "டீசல் வாடையா? எனக்கு ஒன்னும் தெரியலையே மச்சான்" என்பேன். சீட் சூடு இடுப்பு வலிக்கு நல்லது என்றேன். தள்ளி ஸ்டார்ட் செய்த நாளில், தெரு ஒற்றுமையாக இருக்கிறது என்றேன். உலகத்தில் எந்தப் பெண்ணும் ஒரு வண்டியை அப்படித் தாங்கியிருக்க மாட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படகுகள் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் லோடு இல்லை. ரோட்டில் தண்ணீர், மில் லோடும் இல்லை. வண்டி வாசலில் நனைந்துகொண்டு நின்றது. அவர் சன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டிக்கெட் போடுகிற கடைக்காரர் வீட்டுக்கே போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "பாய் என்னா முடிவு பண்ணாரு? நாளைக்கு ஏறலன்னா விசா செத்துடும்மா." அவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, "பாப்பாவக் கெளப்பு. உங்க அத்தா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்" என்றார். அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. சபர் போகிறவர்கள் பெண்டாட்டியை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

புதுச்சத்திரம் தாண்டவில்லை, வண்டி இருமி நின்றுவிட்டது. டீசல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், அதை நம்ப முடியாது. இவர்தான் கணக்கு வைத்து ஊற்றுவார். அன்றைக்கு ஊற்ற மறந்திருக்கிறார். பின்னால் கேனில் டீசல் இருந்தது. ஊற்றினார். வண்டி அசையவில்லை.

"அதான் ஊத்திட்டீங்களே மச்சான்?"

"பெட்ரோல் வண்டின்னா ஊத்துனா போதும். டீசல் காலியாச்சுன்னா குழாய்க்குள்ள காத்து பூந்துடும். அத்தனையும் வெளிய எடுத்தாத்தான் ஸ்டார்ட் ஆவும். எறங்கி வா, ஒரு கை வேணும்."

பாப்பாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். மழை நன்றாகவே பெய்தது. பானெட்டுக்குள் ஒரு குமிழ் பம்பைக் காட்டி அமுக்கச் சொன்னார். நான் அமுக்க அமுக்க, அவர் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தார். டீசல் நுரை நுரையாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நுரை நிக்கிற வரைக்கும் அமுக்கு."

கட்டைவிரல் செத்துப்போயிற்று. துப்பட்டி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பார்த்தேன், குனிந்து நின்ற அவர் சட்டைப் பைக்குள் பானெட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாஸ்போர்ட் நனையுது மச்சான்."

அவர் நிமிரவில்லை. "நனையட்டும். நீ விடாம அமுக்கு" என்றார். அமுக்கினேன்.

நுரை நின்றது. சாவியைத் திருப்பினார். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி அலறியது. பாப்பா கைதட்டினாள். நான் அழுதேன். கண்ணில் டீசல் பட்டுவிட்டது என்று சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு. அத்தா வீட்டில் கறிக்குழம்பு போட்டார்கள். எத்தனை கழுவியும் சோற்றில் டீசல் வாடை வந்தது. எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வந்தோம்.

மழை விட்டதும் லோடு வந்தது. வண்டி மகள் படித்து முடிக்கிற வரைக்கும் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு பழைய இரும்பாகப் போயிற்று. அவருக்கு இன்னும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன், பாப்பா கேட்ட கேள்விக்காகத்தானே போகாமல் நின்றீர்கள் என்று. இல்லை என்றார்.

"பயணம் சொல்லப் போனா எல்லா வீட்டுலயும், 'இங்கயே ஏதாச்சும் பாத்துக்கக் கூடாதாப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கல்ல? இத்தன பேரு சொல்றாங்களேன்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது வாசலில் கிளம்புகிறவரை "சாப்பிட்டுப் போங்களேன்" என்பது மாதிரி, மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. பானையில் ஒன்றும் இருக்காது. இந்த மனுஷன் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் தெருவில் யாரும் பயணம் சொல்ல வருவதில்லை. டிக்கெட் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். ஆள் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. போன மாதம் எங்கள் மருமகன் சபர் கிளம்பினார். "தெருவுல யாருக்கும் பயணம் சொல்லலையா தம்பி?" என்று கேட்டேன். "ஃபேஸ்புக்ல ஸ்டேட்டஸ் போட்டுட்டேன் மாமி" என்றார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'இங்கயே ஏதாச்சும் பாத்துக்கக் கூடாதா' என்கிற அந்த ஒரு வார்த்தையை நானாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் கார் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தேன். தெருவில் எல்லாரும் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். வேறு என்ன போடுவதென்று தெரியாமல் நானும் ஒன்று போட்டேன்.