குரல் மாறிவிடும் என்று பயந்தவர்

பங்குனி வெயிலில் என் மாமனார் கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. சின்னக் காஞ்சிபுரத்துக் கோயிலில் பிரபந்த கோஷ்டியின் முன்வரிசையில் நின்று பாசுரம் சொல்கிறவர். அவர் சட்டை போட்டு நான் பார்த்ததேயில்லை. அறுபதுகளின் கடைசி அது, எனக்குக் கைக்குழந்தை.

அதற்கு முந்தைய ஐப்பசியில் அவரால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்புவரை பரவிவிட்டது என்றார்கள் பட்டணத்து டாக்டர்கள். ஆண் ஹார்மோனால் வளர்கிற நோயாம்; விரைகளை எடுத்துவிடலாம், இல்லையென்றால் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம். அன்றைக்கு இருந்த வழி அவ்வளவுதான். மாமனார் மாத்திரை போதும் என்றார். தை பிறந்தபோது தானே எழுந்து கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். வீடே பூரித்துப் போனது.

பிறகு மார்பு வீங்கியது. துணி பட்டாலே வலித்தது. பால் கட்டிக்கொண்டு நான் படுகிற அவஸ்தையை அவரும் பட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெருமாள் முன்னால் உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் மார்போடுதான் நிற்கவேண்டும். அந்த வெட்கத்தில்தான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று நினைத்தோம். முதுகுவலி திரும்பி வந்தபோதுதான் மாத்திரையையும் நிறுத்தியிருந்தார் என்று தெரிந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"மார் வந்தாச்சு. அடுத்தாப்ல குரலும் பொம்மனாட்டிக் குரலாயிடும். அப்புறம் நான் இருந்து என்ன பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், தெருக்கோடி டாக்டரைக் கையோடு கூட்டிவந்தேன். நல்ல மனுஷர், அவர் சிரிக்கவில்லை. வளர்ந்த ஆணுக்கு இந்த மாத்திரையால் குரல் மாறாது என்று பொறுமையாகச் சொன்னார். இப்போதெல்லாம் குறைந்த அளவே போதும் என்கிறார்கள் என்று, பட்டணத்து டாக்டரையும் கலந்துகொண்டு அளவைக் குறைத்தார். வந்த வீக்கம் மட்டும் போகாது என்றார். மாமனார் அரைமனதாக விழுங்கினார், வலி மெல்ல அடங்கியது. தினமும் காலையில் ஒரு பாசுரத்தைச் சொல்லிவிட்டு, "குழந்தே, மாறியிருக்கோ?" என்று கேட்பார். இல்லை மாமா என்பேன். நம்பமாட்டார்.

இன்று என் தம்பிக்கு அதே நோய். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கூடவே மாத்திரை. பலிக்காவிட்டால் அடுத்து என்ன மருந்து என்பதையும், உடம்பில் என்னென்ன ஆகும் என்பதையும் டாக்டர் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். நிம்மதியாக இருக்கிறது. மாமனாருக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருஷ வைகாசி கருட சேவையன்று மாமனார் கோஷ்டியோடு தெருவில் நின்றார். பெருமாள் எழுந்தருளியதும் தோளிலிருந்த உத்தரீயத்தை எடுத்து இடுப்பில் கட்டினார். பக்கத்தில் நின்றவர் அந்த மார்பையே வெறித்துப் பார்த்தார்.

"மருந்து பண்ணின வேலை ஓய். பாத்தாச்சோன்னோ, ஆரம்பியும்" என்றார் மாமனார்.

அவர் ஆரம்பிப்பதற்குள் மாமனாரே பாசுரத்தை எடுத்துவிட்டார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையை இறுகப் பிடித்து, "அதே குரல்டீ" என்றார்.