மாமனார் வீட்டு ஓட்டில் நான் கட்டிய செம்புக் கம்பி

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையிலிருந்து வந்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒற்றை லேத்தோடு பட்டறை போட்டேன், மூன்று லேத்தாக்கினேன். வெள்ளத்தில் முழுகிய மோட்டார்களை நானே பிரித்து மறுபடி ஓடவிட்டேன். அடையாறில் வீடு கட்டும்போது கொத்தனார் பாதியில் போய்விட, மீதிச் சுவரை என் கையால் எழுப்பினேன். மயிலாப்பூரில் என் மாமனார் வீட்டு ஓட்டில் பாசி ஒழிந்ததும் என்னால்தான். ஆனால் பேரப்பிள்ளைகள் இப்போது அச்சடிக்கிற குடும்ப மலரில் அதை என் சகலை செய்ததாகப் போட்டிருக்கிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமரம் கவிந்த வீடு. வடக்குப் பக்க ஓடு வெயிலே பார்க்காது. ஐப்பசி மழைக்குப் பாசி மெத்தை போல ஏறி, தண்ணீரைத் தேக்கி, மாமியார் படுக்கிற இடத்தில் சொட்டும். என் மனைவியின் அக்காள் கணவர்தான் அந்தச் சகலை, அரசாங்கத்தில் ஓவர்சியர். அவர் சொல்படி வருஷாவருஷம் ஆள் விட்டுச் சுரண்டி, சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சி கலந்து அடிப்பார்கள். கஞ்சி குடித்த பாசி அடுத்த மழைக்கு இன்னும் கொழுத்து நிற்கும். ஆனாலும் அந்த வீட்டில் நாற்காலி அவருக்கு, முக்காலி எனக்கு.

பக்கத்து வீட்டில் ரேடியோ ஏரியலின் செம்புக் கம்பி ஓட்டைத் தொட்டுக் கிடந்தது. அதற்குக் கீழே மட்டும் ஓடு சிவப்பாக இருந்தது. பார்த்தது என் கண். பட்டறையில் கிடந்த பழைய மோட்டார் சுருளை உரித்தேன். அந்தக் கம்பி மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதை நெருப்பில் காட்டி எரித்து, உப்புத்தாள் போட்டுச் செம்பு மின்னும்வரை தேய்த்தேன். பாசியைத் துடைப்பத்தால் மேலிருந்து கீழே தள்ளிவிட்டு, முகட்டை ஒட்டி ஒரு வரி, நடுவில் ஒரு வரி கட்டினேன்.

“இன்னா மாப்ளே, துணி காயப்போடவா கட்டிக்கினு கீறீங்க?” என்று கீழிருந்து கேட்டார் மாமனார்.

“வுடுங்க மாமா, சகல ரேடியோ கேக்கப் போறாரு” என்றார் ஓவர்சியர்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. பாசி இல்லை, சொட்டு நின்றது. உடனே அதே ஓவர்சியர், மழையில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவதால் பாசி பிடிப்பதில்லை என்று வந்தவர் போனவருக்கெல்லாம் இங்கிலீஷ் கலந்து விளக்கினார்.

“பட்ச்ச மாப்ள பட்ச்ச மாப்ளதாம்பா” என்று மாமனார் பூரித்துப் போனார்.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, மறைக்க மாட்டேன்.

பிறகு தி.நகரில் தன் வீட்டு ஓட்டுச் சாய்ப்பிலும் அவர் கம்பி கட்டினார். கடையில் வாங்கிய புதுச் சுருள், பளபளவென்று. மழை வந்தது; பாசியும் வந்தது. நான் ஏறிப் பார்த்து நகத்தால் கீறினேன். வார்னிஷ் அப்படியே இருந்தது.

“இத எரிக்கணும்னு நீ சொல்லவே இல்லியே?” என்றார்.

“நீங்க கண்டுபுட்ச்சதுதானே சகல, என்னிய இன்னாத்துக்குக் கேக்கறீங்க?” என்று இறங்கிவிட்டேன்.

பேரப்பிள்ளைகளே, மலர் இன்னும் அச்சில்தான் இருக்கிறது. திருத்துங்கள். கம்பி கட்டியது நான். பூச்சை எரித்தது நான். அவர் விளக்கினார் என்பதை வேண்டுமானால் அடுத்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரி என்னுடையது.