ஒன்றேகால் சிமிழ்

என் மாமாவின் மானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் காப்பாற்றினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்பது தெரியவர எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் புன்செய்க் கொல்லை கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே காப்புக்காட்டை ஒட்டி இருந்தது. புரட்டாசி பிறந்து மல்லாட்டைச் செடியில், அதாவது வேர்க்கடலையில், காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு இறங்கிவிடும். அவற்றை விரட்டத்தான் அப்பாவிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. தாத்தா வைத்துவிட்டுப் போன ஒற்றைக்குழல். அதன் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பன்றியைக் கொல்லச் சட்டம் விடாது. அதன் தலைக்கு மேலே பனைமரத்தைப் பார்த்துச் சுட்டால் போதும், ஓடிவிடும் என்பது அப்பாவின் திட்டம். அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். சட்டத்தை மீறிக் கொட்டாவிகூட விடமாட்டார்.

அந்த வருஷம் அவர் பனைமரத்தைத்தான் குறிபார்த்தார். குண்டு தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் போய், பக்கத்துக் கொல்லைக்காரரின் எருமைக் கொம்பு நுனியைச் சீவிவிட்டது. எருமைக்குக் காயமில்லை. ஆனால் எருமைக்காரர் உடைந்த கொம்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்குக் கொம்பு போச்சு. நாளைக்கு என் தல போனா யாரு பதில் சொல்றது? இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன், சொல்லிட்டேன்."

லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் அப்பாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், மாமா லீவில் வந்து இறங்கினார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். இரண்டு மாத லீவு, கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். துப்பாக்கி சுடுவதில் பரிசுக் கோப்பை வாங்கியவர், அந்தக் கோப்பையில்தான் எங்கள் வீட்டில் ஊதுவத்தி கொளுத்தி வைப்போம். அவர் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார், குழலுக்குள் ஊதிப் பார்த்தார்.

"துப்பாக்கி மேல தப்பில்ல மாமா. நீங்க கைக்கு வந்த அளவு மருந்து போடறீங்க. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அளவு இருக்குது. அத கண்டுபுடிச்சிட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் அப்பாவிடம்.

"எத்தன நாளாவும்?" என்றார் அப்பா.

"ரெண்டு ஞாயித்துக்கெழம. போதும்."

அப்படித்தான் அந்த ஞாயிறுகள் தொடங்கின. இன்றைக்கும் எங்காவது வெடிமருந்து வாசனை வந்தால் எனக்குத் தீபாவளி நினைவுக்கு வருவதில்லை, அந்தக் கொல்லைமேடுதான் வருகிறது.

லைசென்ஸ் அப்பா பேரில் இருந்ததால் துப்பாக்கியை அவரே தோளில் சுமந்து வருவார். தன் முன்னிலையில்தான் சுட வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். முன்னிலை என்பது பம்ப்செட் ரூமில் கயிற்றுக் கட்டில் போட்டு அவர் தூங்குவது. வேட்டுச் சத்தத்துக்கு அவர் புரண்டுகூடப் படுத்ததில்லை. வெளியே மேட்டில் நாங்கள் மூன்று பேர் இருப்போம்: மாமா, நான், அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான ஒன்றரை வருஷத்தில் அவள் புருஷனைக் காமாலை கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொல்லையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆட்களைக் கூப்பிடுவது, களை எடுப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அவள்தான். வீட்டில் விசேஷமென்று யாராவது வந்தால் மட்டும் அவளுக்கு உடனே கொல்லையில் வேலை வந்துவிடும்.

முதல் ஞாயிறு மாமா மருந்தை அளக்க எதையாவது தேடினார். டம்ளர் பெரிசு, கரண்டி சரிப்படவில்லை. அத்தை வீட்டுக்குப் போய் ஒரு சின்னப் பித்தளைச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த குங்குமச் சிமிழ், நன்றாகத் துடைத்திருந்தாள்.

"இது சும்மாதான் கெடக்குது" என்றாள்.

மாமா அதை வாங்காமல் சற்று நேரம் அவள் கையையே பார்த்தார். பிறகு, "நீங்களே அளந்து குடுங்க" என்றார்.

முறை இதுதான். தேய்ந்த முறத்துக்குச் சாணி மெழுகி, நடுவில் சுண்ணாம்பில் ஒரு வட்டம் வைத்து, வரப்போரம் நிறுத்துவோம். முக்கால் சிமிழ் மருந்தில் மூன்று வேட்டு. ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு குழலைத் துணியால் துடைக்க வேண்டும். மூன்று ஓட்டையும் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்து, அடுத்த முறத்துக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்து ஓர் அளவில் கூடி நிற்கும், அதைத் தாண்டினால் மறுபடி சிதறும். கூடி நிற்கிற இடம்தான் அந்தத் துப்பாக்கியின் அளவு. முறத்தை எடுத்துவர ஓடுவது என் வேலை. துணி வெட்டி விளக்கெண்ணெய் தடவுவதும் மருந்து அளப்பதும் அத்தையின் வேலை.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் இரண்டே வார்த்தைதான்.

"கம்மியா?" என்பாள் அத்தை.

"கொஞ்சம் ஜாஸ்தி" என்பார் மாமா.

ஒரு மத்தியானம் முழுக்க இதையே மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பெயரோ முறையோ சொல்லி ஒருவரையொருவர் கூப்பிட்டதே இல்லை. இதைச் சொல்ல இத்தனை மெதுவாகப் பேசுவானேன் என்று எனக்கு இருக்கும்.

இரண்டாவது ஞாயிறு, ஒன்றேகால் சிமிழில், அது நடந்தது. நான் ஓடிப்போய் முறத்தைப் பார்த்தேன். மூன்று ஓட்டையும் சுண்ணாம்பு வட்டத்துக்குள்ளேயே இருந்தன. என் உள்ளங்கையை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். கத்திக்கொண்டே தூக்கி வந்தேன். மாமா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இது கணக்குல வராது. காத்தடிச்சிருக்குது" என்றார்.

ஓர் இலை அசையவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன்.

"ஆமா, காத்துதான்" என்றாள் அத்தை, கையில் இருந்த துணியை மடித்தபடியே.

முறத்தைக் குப்பையில் போடச் சொன்னார் மாமா. எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக வேறெந்த முறத்திலும் ஓட்டை விழுந்ததில்லை. பம்ப்செட் ரூமில் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு துப்பாக்கி அடங்கவே இல்லை. மூன்றாவது ஞாயிறு மருந்து நமுத்துவிட்டது. நான்காவது ஞாயிறு துணி தடிமன். ஐந்தாவது ஞாயிறு வெயில் கண்ணில் அடித்தது. இரண்டு குண்டுகள் முறத்தையே தொடாமல் போயின. மாமா சலித்துக்கொள்ளவில்லை. அத்தை முன்னைவிட நிறையத் துணி வெட்டி வைத்தாள். ஒருநாள் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அம்மா, "தீபம் முடியட்டும், உங்கப்பாகிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று என் தலை பின்னும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவாடை எடுக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்தான் சும்மா இருக்கவில்லை. பட்டாளத்துக்காரனுக்கு முறம் மாட்டவில்லை என்பது டீக்கடை வரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் என்னிடமே கேட்டார்கள். ஆறாவது ஞாயிறு எருமைக்காரர் வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் உட்கார்ந்தார். ஆள் வந்திருக்கிறாரே என்று அப்பாவும் அன்றைக்குத் தூங்காமல் கூடவே இருந்தார். மாமா சுட்டார். குண்டு முறத்துக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் போய்ப் புதைந்தது.

"இன்னா தம்பி, பட்டாளத்துல உனக்கு சமையக்கட்டுல வேலையா? உன்ன நம்பியா நாங்கல்லாம் நிம்மதியா தூங்கறோம்?" என்றார் எருமைக்காரர்.

அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா வெறுமனே புன்னகை செய்தார். என்னால்தான் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் மாமாவையா? ஒரே ஓட்டமாக பம்ப்செட் ரூமுக்குப் போய், சாக்கைத் தள்ளி, முறத்தை இழுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"பாரு! இது மாமா சுட்டது! ரெண்டாவது வாரமே சுட்டுட்டாரு. மூணும் உள்ளதான் விழுந்திச்சு. ஒன்னேகால் சிமிழ்!"

எருமைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா" என்றார். நான் ஜெயித்துவிட்டேன். அப்பா ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"எந்தச் சிமிழு?" என்று கேட்டார்.

நான் அத்தை கையைக் காட்டினேன். அத்தை சிமிழை மறைக்கவில்லை. அப்பா அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு தன் தங்கையைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்ண்ணா" என்றாள் அத்தை.

அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. ஆள் இருக்கும் இடத்தில் அவர் எதையும் கேட்பவரும் அல்ல. துப்பாக்கியை வாங்கி, சிமிழையும் வாங்கி, ஒன்றேகால் அளந்து தானே கெட்டித்து, புது முறத்தைப் பார்த்துச் சுட்டார். சுண்ணாம்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. ஜென்மத்தில் அப்பா எதையும் குறிதப்பாமல் சுட்டது அதுதான் முதல் தடவை. நான் கைதட்டினேன்.

"அளவு கெடச்சிடுச்சி. இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார் அப்பா. பிறகு மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "உனக்கும் லீவு முடியப்போவுதே மச்சான்" என்றார்.

லீவு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது எனக்கே தெரியும். அப்பாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கல்யாணம், சாவு என்று காரணத்தோடுதான். அவருக்கு வேறிடத்தில் பெண் பார்த்துக் கட்டினார்கள், நல்ல அத்தைதான். என் அப்பாவின் தங்கைக்கு யாரும் எதுவும் பார்க்கவில்லை. அம்மா அப்பாவிடம் பேச இருந்த விஷயத்தைப் பேசவே இல்லை, எனக்குப் பாவாடை மட்டும் வந்தது. அத்தை இப்போது திருவண்ணாமலையில் என்னோடு இருக்கிறாள். என்னிடம் அவள் ஒருநாளும் அதைப்பற்றிச் சொன்னதில்லை, கோபித்ததும் இல்லை. கோபித்திருந்தால் தேவலை. அந்த ஞாயிறுகளில் ஒன்றே ஒன்று எனக்குத் திரும்பக் கிடைக்குமென்றால், குண்டு மண்ணில் புதைவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பேன். ஊர் என்ன வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும்.

அந்த ஆறாவது ஞாயிற்றுக்கு மறுநாள் காலை மாமா டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். அத்தை விடிவதற்குள் களை எடுக்கப் போய்விட்டிருந்தாள். அன்றைக்கு ஆள் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. பஸ் வரும்வரை மாமா கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருத்தப்படுவது எனக்குத் தெரிந்தது. ஊரார் செய்த கிண்டலை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணினேன்.

"மாமா, இனிமே உங்கள யாரும் கேலி பண்ண மாட்டாங்க" என்றேன்.

அவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார். "ஆமாம்மா. நீ இருக்கும்போது எனக்கு இன்னா கவல?" என்றார்.

பஸ் போனதும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கிண்டல் செய்த ஒருத்தி விடாமல் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, மூன்று ஓட்டை விழுந்த கதையை நடித்தே காட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி மட்டும், "தீபம்வரைக்கும் இருப்பாருன்னு சொன்ன, ஏன் அதுக்குள்ள போயிட்டாரு?" என்றாள்.

"வந்த வேல முடிஞ்சிடுச்சில்ல, அதான்" என்றேன் நான், பெருமை தாங்காமல்.